அனுதாபம் எங்கே நிற்கிறது, கருணை எங்கே தொடங்குகிறது

தூக்குத் தண்டனைக் கைதியின் கருணை மனு. பணியில் இறந்த ஊழியரின் மகளுக்குக் கருணை அடிப்படையில் வேலை. நினைவு திரும்பாத நோயாளிக்குக் கருணைக்கொலை கேட்டு வழக்கு. தலைவர் மறைந்த தொகுதியில் அனுதாப அலை. செய்தித்தாளை ஒரு வாரம் தொடர்ந்து படித்தால் இவை எல்லாமே கண்ணில் படும். படிப்பவருக்கு இவை ஒரே மனநிலையின் வெவ்வேறு பெயர்களாகத் தெரிகின்றன. அனுதாபம் கொஞ்சம் கூடினால் இரக்கம், இன்னும் கூடினால் கருணை என்று ஓர் ஏணியை மனதுக்குள் வைத்துக்கொள்கிறோம்.

அந்த ஏணி தவறானது. கருணையையும் அனுதாபத்தையும் பிரிப்பது உணர்ச்சியின் அளவு கிடையாது. நம் கவனம் யார்மேல் இருக்கிறது, அதன்பின் என்ன நடக்கிறது என்பதுதான் இரண்டையும் பிரிக்கிறது. கேட்கும்போது நுணுக்கமான மனவியல் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் இந்த வேறுபாடு புரியாததால், வலி நிவாரணம் கிடைத்திருக்க வேண்டிய புற்றுநோயாளிகள் ஏராளமானோர் வலியிலேயே இறந்திருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி அனுதாபப்பட்டவர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. அதனால் இதை ஒரு நோயாளியின் படுக்கை அருகிலிருந்தே பார்க்கத் தொடங்குவோம்.

முதலில் மூன்று மனநிலைகளைப் பிரித்துக்கொள்வோம்

முற்றிய புற்றுநோயோடு ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார். இரவெல்லாம் வலி. அவரைப் பார்க்க மூன்று பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. அனுதாபம். முதலில் வந்தவர் வாசலிலேயே கண் கலங்குகிறார். "நல்ல மனுஷனுக்கு இப்படி ஒரு சோதனையா!" என்கிறார். ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் மேசையில் வைக்கிறார். பத்து நிமிடம் சங்கடமாக உட்கார்ந்துவிட்டு, "தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிக் கிளம்புகிறார். அவர் வருத்தம் பொய்யில்லை. ஆனால் அது நோயாளிக்கு வெளியே, பாதுகாப்பான தூரத்தில் நிற்கும் வருத்தம். "எல்லாம் சரியாயிடும்" என்ற ஆறுதலில் சொன்னவரின் சங்கடம்தான் குறைகிறது.

2. ஒத்துணர்வு. இரண்டாமவர் பக்கத்தில் உட்கார்ந்து, இரவு எப்படிப் போனது என்று கேட்கிறார். நோயாளி சொல்லச் சொல்ல இவருக்கே அடிவயிறு இறுகுகிறது. அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறர் வலி இவருக்குள்ளேயும் வந்துவிட்டது. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போக அவருக்கே பயமாக இருக்கிறது.

3. கருணை. மூன்றாமவருக்கும் அந்த இறுக்கம் உண்டு. ஆனால் அவர், "வலி எந்த நேரத்துல அதிகமாகுது? மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தாங்க? அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் தாங்குது?" என்று கேட்கிறார். கேட்டதைச் செவிலியரிடம் போய்ச் சொல்கிறார். மறுநாளும் வருகிறார்.

ஆகவே கருணை என்பது மூன்று பகுதி கொண்டது: துன்பத்தை உள்ளபடி கவனித்தல், அது குறைய வேண்டும் என்று விரும்புதல், குறைக்க எதையாவது செய்தல். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் அது வேறு ஏதோ ஒன்றாகிவிடும். கவனிக்காமல் உதவி செய்தால், உதவுபவரின் விருப்பம்தான் நோயாளிமேல் சுமத்தப்படும்.

கனடாவில் ஷேன் சின்கிளேர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், முற்றிய புற்றுநோயோடு மருத்துவமனையில் இருந்த 53 பேரிடம் இந்த மூன்றையும் பற்றியே நேரடியாகக் கேட்டார்கள். 2017-இல் வெளிவந்த அந்த ஆய்வில் நோயாளிகள் சொன்னது தெளிவாக இருக்கிறது. அனுதாபம் தங்களுக்கு வேண்டாத ஒன்று என்றார்கள். தங்களைப் பரிதாபப் பொருளாகப் பார்ப்பதாகவும், பார்ப்பவர் தன் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்வதாகவும் அதை உணர்ந்தார்கள். ஒத்துணர்வு பிடித்திருந்தது. தன்னைப் புரிந்துகொள்ள ஒருவர் முயல்கிறார் என்ற நிம்மதியை அது தந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் விரும்பியது கருணையைத்தான். அதில் அன்பும் இருந்தது, செயலும் இருந்தது. அந்தச் செயல் பெரும்பாலும் மிகச் சிறியதாகவே இருந்தது.

இதை வைத்து அனுதாபத்தை ஏளனமாகப் பார்க்கக் கூடாது. இழவு வீட்டில் சும்மா போய் உட்கார்ந்திருப்பதும், தொலைபேசியில் இரண்டு வார்த்தை விசாரிப்பதும் மனிதர்களுக்குத் தேவை. பெரும்பாலான கருணைச் செயல்கள் அனுதாபத்தில்தான் முளைக்கின்றன. செய்ய ஏதாவது இருக்கும் இடத்தில், வருந்தியதே போதும் என்று நாம் கிளம்பிவிடுவதுதான் பிரச்சினை.

பிறர் வலி நம் மூளையில் என்ன செய்கிறது

2004-இல் தானியா சிங்கர் என்ற மூளை ஆய்வாளர் தம்பதியரை வைத்து ஒரு சோதனை நடத்தினார். ஸ்கேன் கருவிக்குள் இருந்த பெண்ணுக்குச் சில நேரம் கையில் லேசான மின்வலி கொடுக்கப்பட்டது. சில நேரம் பக்கத்தில் இருந்த அவருடைய துணைவருக்குக் கொடுக்கப்பட்டது. துணைவருக்கு வலித்தபோதும், தனக்கே வலிக்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகளில் ஒரு பங்கு அந்தப் பெண்ணுக்குள் இயங்கியது. தோலில் வலி எங்கே என்று காட்டும் பகுதி இயங்கவில்லை. வலியின் வேதனையைச் சுமக்கும் பகுதி இயங்கியது. "உன்னைப் பார்த்தா எனக்கே வலிக்குது" என்று நாம் சொல்வது ஓரளவு உண்மைதான்.

அப்படியானால், அதிகமாக ஒத்துணர்பவர் அதிகமாக உதவுவார் என்றுதானே எதிர்பார்ப்போம்? சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் அடுத்துச் செய்த பயிற்சி ஆய்வுகள் வேறு மாதிரிச் சொல்கின்றன. பிறர் துன்பத்தோடு ஒன்றிப்போக மட்டும் பயிற்சி பெற்றவர்களுக்கு, துன்பக் காட்சிகளைப் பார்க்கும்போது வேதனை கூடியது. அதே ஆட்களுக்கு அப்புறம் கருணைப் பயிற்சி கொடுத்தார்கள். துன்பப்படுபவருக்கு நன்மை உண்டாகட்டும் என்ற விருப்பத்தை வளர்க்கும் பயிற்சி அது. வேதனை குறைந்தது, பரிவான உணர்வுகள் கூடின. மூளையில் இயங்கிய பகுதிகளும் மாறின. வலியோடு தொடர்புள்ள பகுதிகளைவிட, அன்போடும் பிணைப்போடும் தொடர்புள்ள பகுதிகள் முன்னுக்கு வந்தன.

இதனால் கிடைக்கும் பாடம் செவிலியர்களுக்கும், வீட்டில் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் நேரடியாகப் பொருந்தும். "ரொம்ப இரக்கப்பட்டு ஓய்ந்துபோய்விட்டேன்" என்று அவர்கள் சொல்லும்போது, ஓய்ந்துபோக வைத்தது கருணையாக இருக்காது. வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கிய வேதனைதான் அவர்களை அரிக்கிறது. ஏதாவது செய்ய முடிகிற ஊழியரைவிட, கையைக் கட்டிப்போட்ட நிலையில் வலியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய ஊழியர் சீக்கிரம் உடைகிறார். கருணையோடு நடந்துகொள்ளுங்கள் என்று செவிலியருக்கு வகுப்பெடுக்கும் நிர்வாகம், ஒரு வார்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்ற கணக்கை முதலில் பார்க்க வேண்டும்.

இதை ஆய்வுக்கூடம் வருவதற்கு வெகுகாலம் முன்பே கவனித்தவர் ஒருவர் உண்டு. 5-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து எழுதிய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர். காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்ததாகத் தம் எழுத்தில் குறிப்பிடுபவர். ஒவ்வொரு நற்குணத்துக்கும் தூரத்து எதிரி, பக்கத்து எதிரி என இரண்டு உண்டு என்றார் அவர். தூரத்து எதிரியை எளிதில் அடையாளம் காணலாம். கருணைக்கு அது கொடுமை. பக்கத்து எதிரி, நற்குணத்தைப் போலவே தோன்றி ஏமாற்றுவது. கருணைக்கு அது துயரம் என்றார். பிறருக்காகத் துயரத்தில் மூழ்குவது கருணை போலத் தெரியும், ஆனால் கருணையைக் கெடுக்கும் என்பது அவர் கணிப்பு.

நல்ல மனம் இருந்தும் கடந்துபோவது ஏன்

1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். போதகர் ஆவதற்குப் படிப்பவர்கள் அவர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பாதி பேருக்குத் தலைப்பு, அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமி முனகுகிறார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள்.

நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் நின்றார்கள். சமாரியன் கதையைப் பேசப் போகிறாரா, வேறு தலைப்பா என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காட்டவில்லை. கடந்துபோனவர்களில் சிலர் உரை நிகழ்த்தும் இடத்துக்கு மனக்கலக்கத்தோடுதான் வந்து சேர்ந்தார்கள். உள்ளம் கல்லாக இருந்ததால் அவர்கள் போகவில்லை. அவசரம் அவர்களைத் தள்ளிக்கொண்டு போனது.

நம் ஊர்ச் சாலையில் அந்த அவசரத்தின் இடத்தில் பயம் இருந்தது. விபத்தில் அடிபட்டவரைச் சுற்றிக் கூட்டம் கூடும், உச்சுக் கொட்டும். தூக்கி ஆட்டோவில் ஏற்ற ஆள் வராது. போலீஸ் விசாரணை, கோர்ட்டு அலைச்சல், மருத்துவமனையில் முன்பணம் கேட்பார்கள் என்ற அச்சம். இது மக்களுடைய மனக்குறை என்று நீதி போதனை செய்துகொண்டிருக்காமல், அச்சத்தின் காரணத்தையே நீக்கியது சட்டம். உதவியவரைப் பெயர் சொல்லவோ சாட்சியாக வரவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வழிகாட்டுதல்களை 2016 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவே அதற்காகச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் என்றது. தொடங்கியபோது வரம்பு ஒரு லட்சம் ரூபாய். முன்பணம் யார் கட்டுவது என்ற கேள்வி அங்கே அடிபட்டுப்போகிறது.

அனுதாபம் தானாக வரும். கருணை செயலாக மாற, வழியில் கிடக்கும் முட்களை யாராவது அகற்ற வேண்டியிருக்கிறது. இதற்கு, கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் என்ற மருந்தைவிடத் தெளிவான, வேதனையான எடுத்துக்காட்டு வேறில்லை.

மார்ஃபின்: அழத் தெரிந்த நாட்டில் கிடைக்காத மருந்து

கொஞ்சம் அடிப்படை. முற்றிய புற்றுநோயில் பலருக்குக் கடும் வலி வரும். அதற்கு 1986-இல் உலக சுகாதார அமைப்பு மூன்று படிகள் கொண்ட ஒரு முறையை வெளியிட்டது. லேசான வலிக்குப் பாரசிட்டமால் போன்றவை. அது போதாவிட்டால் கோடீன் போன்ற மிதமான மருந்து. அதுவும் போதாவிட்டால் மார்ஃபின். வாய்வழியாகக் கொடுக்க வேண்டும், கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி திரும்பி வந்து நோயாளி கெஞ்சும் வரை காத்திருக்கக் கூடாது.

கடிகாரம் பார்த்துக் கொடுப்பது என்ற இந்தச் சிறு விஷயத்துக்குள் பெரிய மாற்றம் இருக்கிறது. இதை வலியுறுத்தி நிலைநாட்டியவர் சாகும் நிலையில் இருப்பவர்களைப் பராமரிக்க லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ். செவிலியராக, மருத்துவ சமூகப் பணியாளராக, கடைசியில் மருத்துவராக மூன்று நிலையிலும் நோயாளியைப் பார்த்தவர். சாகப்போகிறவரின் வலியில் உடல் வலி, மன வலி, குடும்பம் என்னாகும் என்ற கவலை, வாழ்ந்ததற்கு என்ன அர்த்தம் என்ற தவிப்பு எல்லாம் பின்னிக் கிடக்கின்றன என்று சொல்லி அதற்கு 'முழுமையான வலி' என்று பெயர் வைத்தார். அவர் சொன்னபடி பார்த்தால், "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்பது மருத்துவ ஆலோசனையே ஆகாது.

மார்ஃபின் விலை குறைந்த, பழைய மருந்து. அபினிலிருந்து எடுக்கப்படுகிறது. உலகில் சட்டப்படி அபின் உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்யும் மிகச் சில நாடுகளில் இந்தியா ஒன்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்ற விவசாயிகள் கசகசாச் செடி பயிரிடுகிறார்கள். காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. ஆனாலும் அந்த நாட்டின் நோயாளிக்கு மார்ஃபின் கிடைக்கவில்லை. காரணங்கள் இவை:

1. 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கடத்தலை ஒடுக்க வந்த சட்டம். இத்தகைய மருந்துகள் தொடர்பான குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை என்றது. நோக்கம் நோயாளியைத் துன்புறுத்துவது இல்லை. ஆனால் ஒரு குப்பி கணக்கில் குறைந்தால்கூட என்னாகுமோ என்று மருந்தகங்கள் மார்ஃபினை வைப்பதையே நிறுத்தின. மருத்துவப் பயன்பாடு அடுத்த பத்தாண்டில் படுவேகமாகச் சரிந்தது.

2. உரிமங்களின் சங்கிலி. பல மாநிலங்களில் மருத்துவமனை ஒன்று மார்ஃபின் வாங்க வெவ்வேறு துறைகளிலிருந்து தனித்தனி உரிமங்கள் வேண்டியிருந்தன. எல்லாமே ஒரே நேரத்தில் காலாவதியாகாமல் இருக்க வேண்டியிருந்தது. ஒன்று வந்து சேர்வதற்குள் இன்னொன்று முடிந்துவிடும்.

3. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபினைக் கையாளாமலேயே படித்து முடித்தார்கள். தெரியாத மருந்தை எழுதப் பயம். மருந்து எழுதப்படாததால் வாங்கப்படவில்லை, வாங்கப்படாததால் கற்பிக்கப்படவில்லை.

4. வீட்டாரின் அச்சம். அடிமையாகிவிடுவார், சீக்கிரம் உயிர் போய்விடும் என்று நினைத்தார்கள். பயிற்சி பெற்ற மருத்துவர், வலிக்கேற்ற அளவில், கண்காணிப்போடு கொடுக்கும்போது புற்றுநோய் வலியில் இந்த இரண்டுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நிச்சயமாக வரும் தொல்லை மலச்சிக்கல். அதற்கும் சேர்த்தே மருந்து எழுதுவார்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது என்பது உடல் பழகிவிட்டதைக் குறிக்கும். போதைக்கு அடிமையாவது வேறு விஷயம்.

இந்தப் பட்டியலில் ஒருவர்கூடக் கொடியவர் இல்லை. சட்டம் இயற்றியவர், கிடங்குப் பொறுப்பாளர், மருத்துவர், மகன், மகள் எல்லாரும் வருத்தப்பட்டவர்கள்தான். எல்லாருடைய வருத்தத்துக்கும் நடுவில் நோயாளி இரவெல்லாம் கத்திக்கொண்டிருந்தார். அனுதாபம் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும்.

மருத்துவர்களும் நோயாளிகளுக்காகப் பேசியவர்களும் ஆண்டுக்கணக்கில் அரசிடம் மன்றாடிய பிறகு, 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்டவை 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்று வகைப்படுத்தப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் பெறும் ஒரே அனுமதியே போதும் என்றானது. சட்டம் மாறிய வேகத்தில் மருத்துவமனைகள் மாறவில்லை. இன்றும் பல ஊர்களில் மார்ஃபினுக்காக அடுத்த மாவட்டத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

இது நம் நாட்டோடு நிற்கவும் இல்லை. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஓராண்டில் உலகெங்கும் வினியோகமாகும் மார்ஃபின் வகை வலிநிவாரணிகள், மார்ஃபின் அளவில் கணக்கிட்டால், 298.5 டன். அதில் குறைந்த வருமான நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது 0.1 டன்.

கோழிக்கோட்டில் தொடங்கிய வேலை

1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கான சங்கம் ஒன்று உருவானது. நோயின் வலியையும் தொல்லைகளையும் குறைப்பதுதான் நோய்த்தணிப்புச் சிகிச்சை. மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால், மருத்துவர் சுரேஷ் குமார் ஆகியோர் அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள்.

ராஜகோபால் பொதுவெளியில் பலமுறை சொல்லியிருக்கும் ஒரு நிகழ்வு உண்டு. புற்றுநோய் வலியோடு வந்த ஒருவருக்கு அவர், வலியைக் கடத்தும் நரம்பில் ஊசி போட்டு வலியை முழுவதுமாக நிறுத்தினார். மறுபடி எப்போது வர வேண்டும் என்று நோயாளி கேட்க, இனி வரத் தேவையில்லை என்றார் ராஜகோபால். நோயைக் குணப்படுத்த முடியாது என்பது அப்போதுதான் அந்த நோயாளிக்குத் தெரிந்தது. வீடு திரும்பியவர் தற்கொலை செய்துகொண்டார். ஊசி சரியாகத்தான் வேலை செய்தது. அந்த மனிதரிடம் யாரும் பேசவில்லை. தன் வேலை ஒரு நரம்போடு முடிவதில்லை என்று அன்று புரிந்ததாக ராஜகோபால் சொல்கிறார். செயல் மட்டும் இருந்து கவனிப்பு இல்லாவிட்டால் என்ன குறைகிறது என்பதற்கு இது சான்று.

அந்தக் குறையை நிரப்ப மருத்துவர்கள் மட்டும் போதாது. மலப்புரம் பகுதியில் 2000-களின் தொடக்கத்தில் வளர்ந்த அக்கம்பக்கத்துத் தொண்டர் வலையமைப்பு இதை உணர்ந்து எழுந்தது. ஆசிரியர், கடைக்காரர், ஓட்டுநர், மாணவர் என்று யாராக இருந்தாலும் குறுகிய பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரம் தர முடிந்தால் போதும். படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்குப் போவார்கள். படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்ட வீட்டாருக்குக் கற்றுத்தருவார்கள். மருந்து தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். வருமானம் நின்றுபோன வீட்டுக்கு அரிசி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று ஏற்பாடு செய்வார்கள். பணம் பெரும்பாலும் ஊர்க்காரர்கள் கொடுக்கும் சிறு தொகைகளிலிருந்து வந்தது. 2008-இல் கேரள அரசு நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. இந்தியாவில் அப்படி அறிவித்த முதல் மாநிலம் அதுதான். அதன்பின் வீட்டுக்கு வரும் செவிலியர் பஞ்சாயத்துகளின் பொறுப்பானார்.

தொண்டர்கள் இருக்கிறார்களே என்று அரசு ஒதுங்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அன்புள்ளவர் நாலு பேர் பக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு ஒரு சாவு, இல்லாதவருக்கு இன்னொரு சாவு என்று விட முடியாது. அன்பு பெற்ற குழந்தை அருள், அதை வளர்ப்பது பொருள் என்னும் செவிலி என்று வள்ளுவர் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. செவிலியருக்குச் சம்பளம், வண்டிக்கு டீசல், மருந்துக்கு ஒதுக்கீடு இல்லாமல் கருணை ஓராண்டுகூடத் தாங்காது. வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமசாலை அமைத்ததும் இந்த வழியில்தான். பிறர் பசிக்காக அவர் உருகியதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் பசித்து வந்தவருக்கு இன்றும் சோறு போடுவது அவர் மூட்டிச் சென்ற அடுப்பும், அதை அணையாமல் நடத்தும் ஏற்பாடும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு சிகிச்சையும் (நோய்த்தணிப்புச் சிகிச்சையின் இன்னொரு பெயர்) இயன்முறை சிகிச்சையும் அடங்கும். மாத்திரை வருவது பலருக்குத் தெரியும். ஆதரவு சிகிச்சையும் கேட்கலாம் என்பது அந்த அளவுக்குத் தெரியவில்லை.

அருணா ஷான்பாக்: கருணை யாருடையது

மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கேயே பணியாளர் ஒருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். அவருக்கு உணவு செலுத்துவதை நிறுத்தி அமைதியாக இறக்க விட வேண்டும் என்று கேட்ட மனுவை 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே தீர்ப்பில், கடும் நிபந்தனைகளோடு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்த வழி திறந்தது. செய்திகள் பெரும்பாலும் இரண்டாவது பகுதியைத்தான் பேசின.

முதல் பகுதியில் உள்ள காரணத்தைப் பாருங்கள். மனு கொடுத்தவர் அருணாவைப் பற்றிப் புத்தகம் எழுதியவர், அவர் நிலைக்காக உண்மையாக வருந்தியவர். நீதிமன்றம் அதை மதித்தது. ஆனால் அருணாவின் சார்பில் பேசத் தகுதி, முப்பத்தேழு ஆண்டுகளாக அவரைத் தினமும் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்த கேஇஎம் செவிலியர்களுக்கே உண்டு என்றது. அத்தனை ஆண்டு படுக்கையிலும் அவருக்குப் படுக்கைப் புண் வரவில்லை. முன்பின் பார்த்திராத செவிலியர்கள்கூட, பணி ஓய்வு பெற்றவர்களுக்குப் பின் வந்தவர்கள், அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். 2015 மே 18 அன்று நிமோனியாவால் அவர் இறக்கும் வரை அது நடந்தது.

அவரை வாழ வைத்தது சரியா என்பதில் நியாயமான கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். ஆனால் யார் பேசலாம் என்ற கேள்விக்கு நீதிமன்றம் தந்த பதில் எனக்குச் சரியாகப் படுகிறது. 2018 மார்ச் 9 தீர்ப்பு, கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதி என்று ஏற்று, ஒருவர் தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்க அனுமதித்தது. நோயாளியே பேச வழி கிடைத்தது இன்னும் நல்லது.

வேலையிலும் மனுவிலும் இருக்கும் 'கருணை'

இதைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். கருணை அடிப்படையிலான வேலையைப் பலர், இறந்தவரின் பதவி வாரிசுக்கு வருவதாக நினைக்கிறார்கள். உமேஷ் குமார் நாக்பால் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சம்பாதித்தவர் திடீரென்று இறந்ததால் குடும்பம் விழும் பள்ளத்திலிருந்து தூக்கிவிடுவதே நோக்கம். அதனால் குடும்பத்தின் நிதிநிலையைப் பார்க்க வேண்டும், பல ஆண்டு கழித்துக் கேட்க முடியாது. மனம் இளகிக் கொடுப்பது என்று இல்லாமல், தேவையை அளந்து, நேரத்தில் கொடுப்பது என்ற பொருளில் இது நாம் பார்த்த கருணைக்கு நெருக்கமானது. அதே காரணத்தால், விண்ணப்பத்தை ஆண்டுக்கணக்கில் மேசையில் போட்டுவைக்கும் அலுவலகம் அந்த நோக்கத்தையே சாகடிக்கிறது.

கருணை மனு வேறு வகை. அரசியலமைப்பின் 72-ஆம், 161-ஆம் பிரிவுகள் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் தரும் மன்னிக்கும் அதிகாரம் அது. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குத் தருவது. இதிலும் காலம் முக்கியம் என்று 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுக்கள்மீது முடிவெடுப்பதில் நேர்ந்த நீண்ட தாமதம் உள்ளிட்ட காரணங்களால் 15 பேரின் தூக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

நோயாளியின் அருகில் இருப்பவர் கேட்க வேண்டியவை

முற்றிய நோயோடு வீட்டில் ஒருவர் இருந்தால், வருந்துவதைத் தாண்டிச் செய்யக்கூடியவை இவை.

1. வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள். நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். "ரொம்ப வலிக்குதாம்" என்பதைவிட "ராத்திரி இரண்டு மணிக்கு எட்டு, மாத்திரைக்குப் பின் நாலு" என்பது மருத்துவருக்கு உதவும்.

2. நோயாளி கேட்கும் முன் "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேளுங்கள். சிலர் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள நினைப்பார்கள், சிலர் அன்றைய நாளைப் பற்றி மட்டும் பேச நினைப்பார்கள்.

3. படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். எப்படி என்று செவிலியரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

4. பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு வேண்டும். பார்க்க வருகிறவர்களிடம் ஹார்லிக்ஸுக்குப் பதில், ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம் பக்கத்தில் இருக்க முடியுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

5. சிகிச்சை தரும் மருத்துவரிடம் மூன்று கேள்விகள்: இங்கே வலி மற்றும் நோய் ஆதரவு சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? இந்த மருத்துவமனை மார்ஃபின் வைக்க அங்கீகாரம் பெற்றதா? இல்லையென்றால் பக்கத்தில் எங்கே கிடைக்கும்? நோய் முற்றிய பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஆதரவு சிகிச்சையை, நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நடக்கும்போதே சேர்த்துத் தொடங்கலாம்.